ஒரு போத்தல் மூடியும் மூன்று அரசாங்கங்களும்

செல்வரத்தினத்தின் மேசைக்கு அந்த அழைப்பு வந்தது 1998 ஒக்டோபரில், தீபாவளிக்கு முந்தின திங்கட்கிழமை காலையில். குழந்தைகள் வார்டிலிருந்து ஒரு தாதி பேசினாள். இரண்டு வயதுப் பெண்பிள்ளை, பெயர் ரித்திகா, வீடு தெற்கு ஒக்லாந்தின் பாபடோயிட்டோயில். சிங்க் அடைப்பை எடுக்கப் போடும் வெள்ளைக் குருணையை வாயில் போட்டுவிட்டாள். உதடும் நாக்கும் வெந்திருக்கிறது, தொண்டைக்குக் கீழே எவ்வளவு தூரம் வெந்திருக்கிறதென்று இன்னும் தெரியாது. போத்தலின் மூடி சாதாரண மூடி என்று தகப்பன் சொல்கிறார், அதனால்தான் உங்களுக்கு அறிவிக்கிறோம் என்றாள்.

செல்வரத்தினம் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியில் பி.எச்.ஐ.யாக இருந்தவர். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்று யாரும் முழுதாகச் சொல்வதில்லை, எல்லோருக்கும் பி.எச்.ஐ. ஐயாதான். தொண்ணூற்றொன்றில் நியூசிலாந்தின் ஒக்லாந்துக்கு வந்து, புக்கெகோஹியில் வெங்காயமும் கரட்டும் தரம் பிரித்துப் பெட்டியில் அடைக்கும் இடத்தில் சில வருடம் நின்றார். விரல் விறைத்துப்போன கையோடு வீட்டுக்கு வந்து படித்து, பரீட்சை எழுதி, தெற்கு ஒக்லாந்தின் பொதுச் சுகாதாரப் பிரிவில் உத்தியோகத்தராகச் சேர்ந்தபோது வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. சாப்பாட்டுக்கடைகளின் குளிர்பெட்டி, நீச்சல்தடாகத் தண்ணீர், நச்சுப் பொருட்களின் போத்தல்கள், இவைதான் வேலை. கவனமான மனிதர். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, பார்த்துவந்து பதில் சொல்கிறவர். அதனால் அலுவலகத்தில் அவருக்கு நல்ல பெயர். சிலருக்கு எரிச்சலும்தான்.

பிள்ளையின் தகப்பன் சஞ்சீத் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிறவன். ஃபிஜியிலிருந்து வந்த குடும்பம். பாட்டனார் காலத்துத் தமிழ் அவன் வரைக்கும் வந்து சேரவில்லை, ஆங்கிலத்தில்தான் பேசினான். மனைவிக்கு மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தவன், செல்வரத்தினத்தைக் கண்டதும் குசினிக்குக் கூட்டிப்போய் நிலத்தில் குந்தி சிங்குக்குக் கீழே இருந்த அலுமாரியைத் திறந்து காட்டினான். தீபாவளிக்கு வீடு கழுவும்போது சிங்க் அடைத்துக்கொண்டது. போத்தல் வாங்கிவந்து பாதியைக் கொட்டி, மூடி, மற்றப் போத்தல்களுக்குப் பின்னால் வைத்தான். இறுக்கித்தான் மூடினேன் என்றான். கொஞ்ச நேரம் கழித்து, இறுக்கித்தான் மூடினேன் என்று திரும்பவும் சொன்னான்.

செல்வரத்தினம் கையுறை போட்டுப் போத்தலை எடுத்தார். பெருவிரலாலும் சின்னவிரலாலும் மூடியைத் தொட்டுத் திருப்பினார். அது தண்ணீர்ப் போத்தல் மூடி போலக் கழன்று வந்தது. அழுத்திக்கொண்டு திருகினால்தான் திறக்கும் மூடி இதற்குப் போட்டிருக்க வேண்டும். இந்த நாட்டு விதி அப்படித்தான் சொல்கிறது.

"நான் செய்தது பிழையா?" என்று சஞ்சீத் கேட்டான்.

"இல்லை. இந்த மூடி இப்படி இருந்திருக்கக் கூடாது."

சொன்ன பிறகுதான் அவருக்கு யோசனை வந்தது, அப்படிச் சொல்லத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று. லேபிளைப் பார்த்தார். ஆஸ்திரேலியாவில், ஒரு மாநிலத்தின் பெயர் போட்டு, செய்யப்பட்டது என்று இருந்தது. ஒக்லாந்திலுள்ள ஒரு கம்பனி இறக்குமதி செய்திருந்தது.

அலுவலகத்தில் அவருக்கு மேலே இருந்தவர் ஜூடித் என்ற பெண். நியாயமான மனுசி, அவசரப்படாதவர். போத்தலைப் பார்த்து முகம் சுளித்தவர், லேபிளைப் பார்த்ததும் கதிரையில் சாய்ந்துவிட்டார். அந்த வருடம் மே மாதத்திலிருந்து ஒரு புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. ஆஸ்திரேலியாவில் சட்டப்படி விற்கக்கூடிய பொருளை நியூசிலாந்திலும் விற்கலாம், இங்கத்தைய விதி வேறாக இருந்தாலும் தடையில்லை. இங்கிருந்து அங்கே போகும் பொருளுக்கும் அதே சலுகை. இறக்குமதிக் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தபோது அவர்கள் அதைத்தான் சொன்னார்கள். எங்கள் போத்தல் அந்த மாநிலத்தில் சட்டப்படியானது, ஆகவே இங்கேயும் சட்டப்படியானது, பிள்ளைக்கு நேர்ந்ததற்கு மனம் வருந்துகிறோம் என்றார்கள்.

அடுத்த நாள் முழுக்கச் செல்வரத்தினம் தொலைபேசியோடு இருந்தார். கன்பராவில் ஆஸ்திரேலிய மத்திய அரசின் அலுவலகத்தில் ஒருவர் மரியாதையாகப் பேசினார். எந்த நச்சுப் பொருளுக்கு எந்த மூடி என்று பரிந்துரைப்பதுதான் தங்கள் வேலை, சட்டமாக்குவது ஒவ்வொரு மாநிலத்தின் விருப்பம் என்றார். அந்த மாநிலத்துக்குத் தொலைபேசி எடுத்தார். கன்பராவின் புதிய பரிந்துரையைத் தாங்கள் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை, பரிசீலனையில் இருக்கிறது, தங்கள் எல்லைக்கு வெளியே விற்கும் பொருளைப் பற்றித் தாங்கள் எதுவும் சொல்ல முடியாது, உங்கள் அரசாங்கத்தைக் கேளுங்கள் என்றார்கள். நியூசிலாந்தின் தலைநகர் வெலிங்டனைக் கேட்டார். புதுச் சட்டம் இந்தப் போத்தலுக்குச் செல்லுமா செல்லாதா என்று சட்டத்தரணிகள் பார்க்கிறார்கள், பதில் வரும்வரை எந்த நடவடிக்கையும் வேண்டாம் என்றது வெலிங்டன்.

எப்போது வரும் என்று கேட்டார். அடுத்த வாரம் வரலாம் என்றார்கள்.

இடையில் ஆஸ்பத்திரிக்கும் எடுத்தார். ரித்திகாவின் தொண்டை வீங்கி மூச்சு முட்டியதால் குழாய் விட்டு மயக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள் என்றார்கள். மூன்று அரசாங்கங்கள் ஒரு மூடியைக் கையில் எடுத்துப் பார்த்து, என்னுடையது அல்ல என்று அடுத்தவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தன. எல்லோரும் சொன்னது உண்மைதான், யாரையும் குறை சொல்லவும் முடியவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

யாருடைய அதிகாரம் என்ற கேள்வி அவருக்குப் புதிதல்ல. சாவகச்சேரியில் ஒரு மழைக்காலம் வயிற்றோட்டம் பரவியபோது, கிணறுகளுக்குப் போடவேண்டிய குளோரின் மூட்டைகள் ஒரு சோதனைச்சாவடியில் நின்றன. அரசாங்கத்தின் அனுமதி இருந்தது, ஊரை ஆண்டவர்களின் அனுமதி இருக்கவில்லை. அது வந்தபோது அரசாங்கத்தின் அனுமதி காலாவதியாகிவிட்டது. அந்த நாட்களில் எந்தெந்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டதென்று அவருக்கு இப்போதும் தெரியும்.

புதன்கிழமை மாலை வீட்டுக்கு வந்து கை கழுவப் போனவர், வழக்கத்துக்கு மாறாகக் குனிந்து சிங்குக்குக் கீழே பார்த்தார். அதே போத்தல் இருந்தது.

மனைவி ரதிதேவி பகலில் அயல்வீட்டுப் பிள்ளைகள் இரண்டைப் பார்த்துக்கொள்கிறவர். அதில் ஒன்று அப்போதுதான் நடக்கத் தொடங்கிய சமோவன் பெண்பிள்ளை. கதவு என்று ஒன்றிருந்தால் அதைத் திறந்து பார்க்காமல் விடாது. இன்னும் தாய் வந்து கூட்டிப்போகவில்லை, ஹோலில் ஒரு சட்டி மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது.

"ரதி, இது எப்ப வாங்கினது?"

"போன கிழமை. பாத்ரூமிலை தண்ணி இறங்கேல்லை. ராம்சாமியின்ரை டெய்ரிக் கடையிலை முன்னுக்கே அடுக்கி வைச்சிருந்தது, எல்லாரும் எடுத்தினம், நானும் எடுத்தனான். ஏன் கேக்கிறியள்?"

அவர் போத்தலை எடுத்து, உடுப்புக் கழுவும் அறையின் மேல்தட்டில், கைக்கெட்டாத மூலையில் வைத்தார். வைத்துவிட்டுத் திரும்பவும் எடுத்துக் காருக்குள் கொண்டுபோய்ப் பூட்டினார். உள்ளே வந்து நடந்ததைச் சொன்னார். ரதிதேவி போய் அந்தப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். தாய் வரும்வரை இறக்கவில்லை.

பிறகு சாப்பாடு போடும்போது கேட்டார், கடைகளிலிருந்து எடுக்கச் சொல்ல உங்களுக்கு ஏலாதா என்று. வெலிங்டன் பதில் தரும்வரை ஏலாது என்றார் செல்வரத்தினம். நாடு முழுக்க இல்லை, பாபடோயிட்டோயில் மட்டும் என்றார் ரதிதேவி. அதற்கும் ஏலாது. அப்படியென்றால் சும்மா கேட்டுப் பார்க்கலாம்தானே?

"கேக்கலாம். ஆனா கேட்டுப்போட்டு வந்த பிறகு கம்பனி முறைப்பாடு செய்தால் என்ரை வேலை போகலாம்."

ரதிதேவி அவர் தட்டில் கறியை ஊற்றினார். வீட்டு மோட்கேஜ் கடன், மகளின் படிப்பு எல்லாம் அவர் மனதிலும் ஓடியிருக்க வேண்டும். போங்கள் என்றும் சொல்லவில்லை, போகவேண்டாம் என்றும் சொல்லவில்லை. "தீபாவளிக்கு முதல் எல்லா வீட்டிலையும் கழுவுவினம்" என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை ஜூடித்திடம் இன்னொரு தடவை கேட்டார். ஜூடித் தானும் வெலிங்டனோடு பேசியதாகச் சொன்னார், அதே பதில்தான். உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது, ஆனால் இல்லாத அதிகாரத்தைப் பாவித்தால் நாளைக்கு இருக்கிற அதிகாரத்தையும் யாரும் மதிக்கமாட்டார்கள் என்றார். அதில் தவறொன்றும் இல்லை என்று செல்வரத்தினத்துக்கும் தெரிந்தது. இருந்தாலும் வெள்ளிக்கிழமை மத்தியானம், வேறு ஒரு சாப்பாட்டுக்கடையைப் பார்க்கப் போனவர், திரும்பும் வழியில் பாபடோயிட்டோய்க் கடைத்தெருவில் காரை நிறுத்தினார்.

முதல் கடையில் விஷயத்தைச் சொல்லி, தயவுசெய்து எடுத்துவையுங்கள் என்று கேட்டார். கடைக்காரப் பெண் பிள்ளையைப் பற்றிக் கேட்டுக் கண் கலங்கினாள், உடனே எடுத்தாள். இரண்டாவது கடையில் முதலாளி இல்லை, வந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்றார்கள். மூன்றாவதில், மற்றவர்கள் எடுத்தால் நானும் எடுக்கிறேன் என்றான் ஒருவன். பேசிக்கொண்டிருக்கும்போதே வயிற்றில் பிள்ளையோடு வந்த ஒரு பெண் இரண்டு போத்தல் எடுத்துக் காசு கொடுத்தாள். செல்வரத்தினம் அவள் பின்னால் வாசல்வரை போய், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார். அவள் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வேகமாக நடந்துபோனாள்.

ராம்சாமியின் டெய்ரி, பால் முதல் பலசரக்குவரை விற்கும் கடை, தெரு மூலையில் இருந்தது. அந்தத் தெருவிலேயே பெரிய கடை, மற்றக் கடைக்காரர்களுக்கு அவர் ஒரு தலைவர் மாதிரி. அறுபது வயதுக்காரர். ஃபிஜியில் கரும்புத் தோட்டத்துக்கு வந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், கோயில் தமிழ் கொஞ்சம் வைத்திருந்தார். போத்தல்கள் வாசலிலேயே, அகல்விளக்குப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் கோபுரமாக அடுக்கப்பட்டிருந்தன. செல்வரத்தினம் சொன்னதையெல்லாம் ராம்சாமி கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். கம்பனிக்காரன் முந்தாநாளே தொலைபேசி எடுத்ததாகவும், யாராவது வந்து கேட்டால் இது சட்டப்படி சரியான சரக்கு என்று சொல்லச் சொன்னதாகவும் சொன்னார். பிறகு கேட்டார்:

"நீங்க இப்ப கேக்கிறீங்களா, ஆர்டர் போடுறீங்களா?"

செல்வரத்தினம் அந்தப் போத்தல் கோபுரத்தைப் பார்த்தார். கேட்கிறேன் என்றால் ராம்சாமி எடுக்கமாட்டார் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. ராம்சாமி எடுக்காவிட்டால் தெருவில் மற்றவர்களும் எடுக்கமாட்டார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீடுவீடாகக் கழுவுவார்கள். அவர் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஆர்டர்தான்."

ராம்சாமி அட்டையைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு வேலைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் பின்னறைக்கு எடுக்கச் சொல்லிவிட்டு, தொலைபேசியை எடுத்து ஒவ்வொரு கடையாகக் கூப்பிட்டார். அதோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கோயில் ஐயரைக் கொண்டு அறிவிக்கவும் வைத்தார், இந்தப் போத்தலை வாங்கினவர்கள் தன் கடையில் கொண்டுவந்து கொடுக்கலாம் என்று. பாதி தீர்ந்த போத்தல்களோடு ஆட்கள் வந்தார்கள் என்று பிறகு தெரியவந்தது.

செல்வரத்தினத்துக்கு அந்தச் சனி ஞாயிறு வீட்டில் நிற்கவும் முடியவில்லை, வெளியே போகவும் முடியவில்லை. தொலைபேசி மணி அடித்தால், இன்னொரு பிள்ளையோ என்று ஒரு பயம், கம்பனியின் முறைப்பாடோ என்று மறு பயம். ரதிதேவி முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். அவரிடம் நடந்ததைச் சொன்னபோது, உண்மையாகவே ஆர்டர் என்று சொன்னீர்களா என்று ஒருதரம் கேட்டார். ஓம் என்றதும் அடுத்த முறுக்கை எண்ணெய்ச் சட்டியில் போட்டார்.

திங்கட்கிழமை, தீபாவளி நாள். அலுவலகத்துக்குள் நுழைந்தபோதே ஜூடித் அறைக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். கம்பனியின் சட்டத்தரணி காலையிலேயே தொலைபேசி எடுத்திருந்தார். அதிகாரமில்லாமல் உங்கள் உத்தியோகத்தர் உத்தரவு போட்டிருக்கிறார், நட்டத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று. உண்மையா என்று ஜூடித் கேட்டார். உண்மை என்றார் செல்வரத்தினம். ஒரு கடையில்தான் அப்படிச் சொன்னேன், மற்றக் கடைகளில் கேட்கத்தான் செய்தேன், ஆனால் அந்த ஒரு கடைதான் முக்கியம் என்பது தெரிந்துதான் சொன்னேன் என்றார். ஜூடித் அவரை வீட்டுக்குப் போகச் சொன்னார். கூப்பிடும்வரை வரவேண்டாம் என்றார்.

புதனும் போய் வியாழனும் வந்தது. அந்தச் சமோவன் பிள்ளை அலுமாரிக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டாலே எழுந்து ஓடினார். புக்கெகோஹிப் பக்கம் பழைய இடத்தில் இன்னும் ஆள் எடுக்கிறார்களா என்று ஒருநாள் தொலைபேசியில் விசாரித்தும் வைத்தார். அதை ரதிதேவிக்குச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியோடு பேசியபோது, மூச்சுக்குப் போட்ட குழாயை எடுத்துவிட்டார்கள், பிள்ளை தானாக மூச்சு விடுகிறது, ஆனால் உணவுக்குழாய் சுருங்கப் பார்க்கிறது என்றார்கள். முதல் பாதி கேட்டு வந்த ஆறுதலை இரண்டாம் பாதி எடுத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை ஜூடித் கூப்பிட்டார். வெலிங்டனிலிருந்து பதில் வந்திருந்தது. புதுச் சட்டம் எல்லாப் பொருளுக்கும் பொருந்தாதாம். நச்சுப் பொருட்களையும் ஆபத்தான பொருட்களையும் இரண்டு நாடுகளும் ஒத்துப்போகும்வரை அதற்கு வெளியே வைத்திருக்கிறார்கள், தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். ஆகவே இந்த நாட்டு விதிதான் செல்லும். அந்தப் போத்தல் வந்து இறங்கிய முதல் நாளிலிருந்தே சட்டத்துக்கு மாறானது. கம்பனி அன்றைக்கே எல்லாவற்றையும் திரும்ப எடுக்கச் சம்மதித்துவிட்டது.

செல்வரத்தினம் நாட்களை எண்ணிப் பார்த்தார். அப்படியென்றால் அழைப்பு வந்த திங்கட்கிழமையே கடைகளிலிருந்து எடுத்திருக்கலாம். அதற்கு முதலே, அந்தப் பிள்ளை கை வைக்குமுன்பே எடுத்திருக்கலாம்.

"நீங்கள் சொன்னது சரி," என்றார் ஜூடித். "ஆனால் சொல்லும்போது அது சரியென்று உங்களுக்குத் தெரியாது."

"தெரியாது."

"பிழையாக இருந்திருந்தாலும் சொல்லியிருப்பீர்களா?"

அவர் யோசித்தார். ஓம் என்ற சொல் வாய்வரை வந்தது. ஆனால் அடுத்த தடவை இன்னொரு பொருளுக்கு, இன்னொரு உத்தியோகத்தர், இவ்வளவு காரணமில்லாமல் அதையே செய்தால் என்ன நடக்கும் என்றும் தெரிந்தது. "எனக்குத் தெரியவில்லை" என்றார். ஜூடித் எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். வேலை போகவில்லை. அவர் அதை மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

அன்று மாலையே ராம்சாமியின் கடைக்குப் போய், அன்றைக்குத் தனக்கு ஆர்டர் போடும் அதிகாரம் இருந்ததா என்று தனக்கே தெரிந்திருக்கவில்லை என்று சொன்னார். ராம்சாமிக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளைக்காகத்தான் செய்தீர்கள், சரி, என் கடையில் நின்று ஏன் என்னை ஏமாற்ற வேண்டும் என்று கேட்டார். நீங்கள் பொய் சொல்லாவிட்டால் நான் எடுத்திருக்க மாட்டேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன் என்றார்.

"ஆனா இனிமே நீங்க ஒண்ணு சொன்னா, நான் உங்க ஆபீசுக்கு போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் செய்வேன்."

அப்படியே நடந்தது. அதற்குப் பிறகு குளிர்பெட்டியின் சூட்டை அளந்து சொன்னால்கூட ராம்சாமி ஜூடித்தைக் கூப்பிட்டுக் கேட்டார். செல்வரத்தினம் அருகிலேயே நின்று காத்திருப்பார்.

பெப்ரவரியில், கோடை முடியப்போகும் காலத்தில், சஞ்சீத் அவரைக் கூப்பிட்டான். ரித்திகாவின் உணவுக்குழாயை நாலாவது தடவையாக விரித்துவிட்டிருந்தார்கள். இன்னும் எத்தனை தடவை விரிக்க வேண்டுமென்று வைத்தியருக்கே தெரியாது. ஆனால் மூக்கு வழியாகப் போட்டிருந்த குழாயை எடுத்தாயிற்று, இன்றைக்கு வாயால் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், முடிந்தால் வாருங்கள் என்றான். ஏன் அவரைக் கூப்பிட்டானென்று அவருக்கும் சரியாக விளங்கவில்லை, போனார்.

வார்டில் பிள்ளை தாயின் மடியில் இருந்தது. உதட்டோரம் வெளிறிய தழும்பு. சஞ்சீத் மசித்த உருளைக்கிழங்கைக் கரண்டி நுனியில் எடுத்து நீட்டினான். அவள் வாய் திறக்க மறுத்தாள், தலையைத் திருப்பினாள், பிறகு தானே கரண்டியைப் பறித்து வாயில் வைத்தாள். தாதி பக்கத்தில் வந்து நின்றாள். கழுத்தில் அந்தச் சின்ன அசைவு மேலே ஏறி, ஒரு கணம் நின்று, கீழே இறங்கியது. அவள் இருமுகிறாளா என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கரண்டியைக் கிண்ணத்துக்குள் குத்தி இன்னும் எடுத்தாள்.